பட்டியலில் முதல் பெயர்

"எனக்கு நெட் வருதேம்மா" என்றார் மாமா, என் கணவரின் அப்பா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவருக்கு வரத்தான் செய்யும். அவருடைய கம்ப்யூட்டரும் ரௌட்டரும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, நடுவில் ஒரு முழ நீல ஒயர். காற்று வழியாகப் போக வேண்டியது எனக்குத்தான். மாடி அறையில் என் லேப்டாப்பின் மூலையில் சிக்னல் கோடுகள் ஐந்தும் நிமிர்ந்து நிற்கும். இணை என்று அமுக்கினால் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், கடைசியில் முடியவில்லை என்று சொல்லிவிட்டு மறுபடியும் அதே ஐந்து கோடுகளைக் காட்டும். இதைத் திங்கட்கிழமை காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று புதன்கிழமை, மணி நாலே கால். ஆறு மணிக்குள் என் பன்னிரண்டு ஃபைல்கள் புதுச்சேரிக்குப் போய்ச் சேராவிட்டால் எனக்கு வேலை இல்லை. மாமா செய்தித்தாளின் இணையப் பக்கத்தைத் திறந்து, மேட்டூர் நீர்மட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அது திறக்கிறது, ஆகவே வீட்டில் இன்டர்நெட் இருக்கிறது.

என் வேலை இதுதான். அமெரிக்காவில் எங்கோ ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு, வாயில் எதையோ மென்றுகொண்டே, இன்னாருக்கு இன்ன உபாதை, இன்ன மருந்து என்று ஒலிப்பதிவில் சொல்லிவைப்பார். அதைக் காதில் மாட்டிக்கொண்டு, காலால் பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்திக் கேட்டு, எழுத்தாக அடித்து அனுப்ப வேண்டும். மைக்ரோபயாலஜி படித்துவிட்டுக் கல்யாணமாகி, காரைக்கால் தலத்தெருவில் இந்த வீட்டில் ஒன்றரை வருஷம் துணி மடித்துக்கொண்டிருந்த பிறகு கிடைத்த வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதில் ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஒரு மில்லிகிராமைத் தப்பாக அடித்தால் யாருக்கோ மருந்து மாறிவிடும் என்று பயிற்சியில் சொல்லிச் சொல்லி, எதைப் பார்த்தாலும் பிழை தேடுகிற கண்ணாகிவிட்டது எனக்கு. கல்யாணப் பத்திரிகையைக்கூட அப்படித்தான் படிக்கிறேன்.

காலையில் எங்கள் குழுத் தலைவி மெஹர் பானு மேடம் போன் செய்தார். அதட்டுகிறவர் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "சிவப்ரியா, எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு. ஆனா மேல இருக்கறவங்களுக்கு ஃபைல்தான் தெரியும், நீங்க தெரிய மாட்டீங்க. இன்னிக்கு ஆறு மணி. அதுக்கு மேல என்னால கேக்க முடியாதும்மா" என்றார். பிரவுசிங் சென்டருக்கு எடுத்துப் போகக் கூடாது, நோயாளிகளின் ரகசியம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பென் டிரைவ் செருகும் துளைகளைக் கம்பெனியே ஸ்டிக்கர் ஒட்டி மூடியிருக்கிறது. மாமாவின் நீல ஒயரை எடுத்து என் லேப்டாப்பில் செருகலாம் என்றால், அந்தத் துளையின் உள்பக்கம் எனக்குக் கொடுக்கும்போதே உடைந்திருந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

இத்தனைக்கும் காரணம் ஒரு செய்தித்துணுக்கு. எந்த ஊரிலோ யாரோ ஒருவர் வீட்டு ஒயர்லெஸ்ஸுக்குள் வேறு யாரோ புகுந்து மிரட்டல் மெயில் அனுப்பிவிட்டான், போலீஸ் வந்து வீட்டுக்காரரைப் பிடித்துப்போனது என்று போட்டிருந்தார்கள். மாமா அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். ரௌட்டரோ பழையது. அதன் பாஸ்வேர்டு என் கணவர் ஊருக்கு வரும்போதெல்லாம் நண்பர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தெருவுக்கே பாதி தெரியும். மாமா இரண்டு நாள் கையேட்டைப் படித்தார். ஒவ்வொரு ஒயர்லெஸ் கருவிக்கும் பிறக்கும்போதே, ஆங்கில எழுத்தும் கலந்த பன்னிரண்டு இலக்கத்தில் ஓர் எண் உண்டு என்றும், ரௌட்டருக்குள் ஒரு பட்டியல் போட்டு, இன்ன இன்ன எண் என்று குறித்துவிட்டால் கண்டவர் உள்ளே வர முடியாது என்றும் கண்டுபிடித்தார். பட்டியல் என்ற சொல்லைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

மாமாவை, சண்முகசுந்தரம் சூப்பிரண்டெண்டு என்றால் காரைக்காலில் வயதானவர்களுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கத்தில், அதில் பெரும்பகுதி நிவாரணம் பார்க்கிற பிரிவில். வெள்ளம், புயல், பயிர்ச்சேதம், எது வந்தாலும் யார் யாருக்கு என்று பட்டியல் அவர் மேசையில்தான் உருவாகும். பட்டியலில் பெயர் இருந்தால் அரிசி உண்டு, வேட்டி உண்டு, கூரைக்கு ஓலை உண்டு. இல்லையென்றால் இல்லை. ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் கை சும்மா இருக்கவில்லை. என்னிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பெயர், கருவியின் வகை, எண், உபயோகிக்கும் நோக்கம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். மாடியிலிருந்து இறங்கி வந்து மாமனாரிடம் மனு கொடுத்தேன். மாமியார் இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பார். அவர் என் நாத்தனாரின் பிரசவத்துக்காக அம்பகரத்தூர் போய் இரண்டு வாரமாகிறது.

ஞாயிற்றுக்கிழமை பட்டியல் ஏறியது. எண்களை ரௌட்டரில் அடித்து முடித்து, எங்கள் பெயர்களோடு தனியாக ஒரு பிரதியும் எடுத்து என்னிடம் நீட்டினார். முதல் வரியில் என் பெயர். இரண்டாவதாக என் கணவர் நவநீதன், மூன்றாவதாக அம்பகரத்தூர் மாப்பிள்ளை. தன் கம்ப்யூட்டரைக் கடைசியில் போட்டிருந்தார். தினமும் உபயோகிக்கிறவள் நீதானே, அதனால்தான் உன் பெயர் முதலில் என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. இந்த வீட்டு ரேஷன் கார்டில் இரண்டு வருஷமாக என் பெயர் ஏறவில்லை. மயிலாடுதுறையில் அப்பா வீட்டுக் கார்டிலிருந்து எடுத்தாகிவிட்டது. அது தமிழ்நாடு, இது புதுச்சேரி. அங்கே கொடுத்த நீக்கல் சான்றில் ஒரு முத்திரை சரியாக விழவில்லை, விதிப்படி இருந்தால்தான் கொடுப்பேன் என்று மாமா அதை ஃபைலில் வைத்துவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் ஊருக்கே பட்டியல் போட்டவர் வீட்டில், எந்த மாநிலத்துக் கார்டிலும் இல்லாமல் நான் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் நெட் அருமையாக வந்தது. பன்னிரண்டு ஒலிப்பதிவுகளையும் இறக்கி வைத்துக்கொண்டேன். அப்புறம் என் கண் சும்மா இருக்காமல் மாமாவின் பிரதியைச் சரிபார்த்தது. என் எண்ணில் ஏழாவது இலக்கம் பி. அவர் எட்டு என்று அடித்திருந்தார். கீழே போய்க் காட்டினேன். மாமா பதறிப்போனார். அந்த நிமிஷமே ரௌட்டரைத் திறந்து திருத்தி, பிரதியிலும் சிவப்பு மையால் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். மறுநாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தால் நெட் இல்லை.

திருத்தும்போது வேறு எதையோ கெடுத்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். திங்களன்று அவரை உட்காரவைத்துப் பன்னிரண்டு இலக்கத்தையும் வாசிக்கச் சொல்லி ஒத்துப்பார்த்தேன். சரியாக இருந்தது. ரௌட்டரை அணைத்துப் போட்டோம், மேசையை விட்டு ஜன்னலோரம் வைத்துப் பார்த்தோம். பாஸ்வேர்டை அழித்துத் திரும்ப அடித்தேன். டெலிபோன் ஆபீசுக்குப் போன் செய்தால் எங்கள் பக்கம் ஒன்றுமில்லை, லைன் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதுவும் உண்மைதான். ஓசூரில் இருக்கும் கணவரைக் கூப்பிட்டேன். ஷிப்டில் இருக்கிறேன், அப்பாவிடம் சொல்லேன் என்றார். அப்பா ஒரு அடி தூரத்தில் உட்கார்ந்து மேட்டூர் நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். ரௌட்டரின் பின்னால் குண்டூசித் துளை ஒன்று இருக்கிறது, அதை அமுக்கினால் எல்லாம் அழிந்து புதிதாகிவிடும். டெலிபோன்காரர்கள் போட்ட எண்ணெல்லாம் போய்விடும், அப்புறம் ஒருவருக்குமே இருக்காது என்று மாமா அதைத் தொட விடவில்லை. செவ்வாயன்று இன்னொரு தடவை இலக்கங்களை வாசித்தோம். புதன்கிழமை காலையில் மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் அத்தனை சரியாக இருந்தது. எனக்கு அந்த மேசையைக் கவிழ்த்துவிடலாமா என்றிருந்தது.

அஞ்சுகம் அக்கா வந்தபோது மணி நாலே முக்கால். பக்கத்து வீட்டுக்காரர். திருமலைராயன்பட்டினத்து ஏலத்தில் மீன் எடுத்து வெளியூருக்கு ஐஸ் போட்டு அனுப்புகிறவர். கையில் எவர்சில்வர் தூக்கு. அலசித் துண்டு போட்டு மஞ்சள் தடவிய கொடுவா மீன். மாமா எழுந்து நின்றார். அஞ்சுகம் அக்கா வந்தால் மட்டும் அவர் எழுந்து நிற்பார், ஏன் என்று நவநீதன் ஒருமுறை சொல்லியிருக்கிறார். சுனாமிக்குப் பிறகு போட்ட முதல் பட்டியலில் படகும் வலையும் வைத்திருந்தவர்கள், கடலோரத்தில் குடியிருந்தவர்கள் மட்டும்தான். கரையில் வைத்திருந்த ஐஸ் பெட்டி, கூடை, தராசு எல்லாவற்றையும் அலை கொண்டுபோய்விட்ட அஞ்சுகம் அக்காவிடம் படகும் இல்லை, வீடும் கடலை விட்டுத் தள்ளித் தலத்தெருவில். விதிப்படி அவர் பெயர் வரவில்லை. பட்டியலை எழுதியது மாமா. அக்கா இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் மாமா விதியை எடுத்துச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

"ஒங்க புண்ணியம் சார்" என்றார் அஞ்சுகம் அக்கா. "நவநீதன் தம்பி பொங்கலுக்கு வந்தப்ப எம் பொண்ணு பாரதிப்ரியாவுக்கு ஒங்க லைனோட பாஸ்வேர்டு குடுத்துச்சு. படிக்கிற புள்ளைக்கு ஒதவியா இருக்கு. இந்த மூணு நாளா என்னா வேகம்ங்கிறா. வேலைக்கு நெட்டுல பாரம் போட்டுக்கிட்டு இருக்கா, நாளையோட கடைசித் தேதியாம். பாதியில நின்னா திரும்ப மொதல்லேருந்து போடணுமாம். ஒரு தடவகூட நிக்கல சார்."

மாமா தூக்கை வாங்கி என்னிடம் கொடுத்தார். அக்கா படியிறங்கிப் போனதும் அதை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மூன்று நாளாக என்ன வேகம். இருக்காதா? மாமாவின் ஒயரைத் தவிர வீட்டில் ஒருவருக்கும் இல்லையே, முழுக்க அந்தப் பெண்ணுக்குத்தானே. பட்டியலில் இல்லாதவளுக்குப் பிய்த்துக்கொண்டு வருகிறது, முதல் பெயராக இருக்கிற எனக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எட்டு என்று தப்பாக இருந்தபோது எனக்கும் வந்தது. நான்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துப் பி என்று திருத்தவைத்தேன். அந்த ஒரு இலக்கத்தைப் பேசாமல் விட்டிருந்தால் என் பன்னிரண்டு ஃபைலும் திங்கட்கிழமையே போயிருக்கும்.

மீனை அடுப்படியில் வைத்துவிட்டு வந்தேன். குரல் எனக்கே கொஞ்சம் ஓங்கிக் கேட்டது. "மாமா, லிஸ்ட்லேர்ந்து என் பேர எடுத்துடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். எடுத்தால்தான் எனக்கு வரும் என்று சொன்னேன். எடுத்தால் எப்படி வரும் என்றார். பட்டியலில் இருக்கிறவர்களைத்தான் அது தடுக்கிறது என்றேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கணக்கைத் தப்பாகச் சொன்னதைக் கேட்பவர் மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு வருஷமா கார்டுல ஏத்தாம வெச்சிருக்கேன்னு ஒனக்கு மனசுல இருக்கு. தெரியாம இல்ல. ஏத்துன ஒரு எடத்துலயும் எடுங்கிறியேம்மா."

அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக இந்த மனிதர் அதைத் தெரிந்துகொண்டே ஃபைலைக் கட்டி வைத்திருக்கிறார் என்றால் எரிச்சல் இன்னும் ஏற வேண்டும். ஏறவும் செய்தது. நேரமில்லை. மணி ஐந்து பத்து. பட்டியலுக்கு முன்னால் வரும் பக்கத்தைத் திறவுங்கள் மாமா என்றேன். அதுவரை நான் பார்த்ததெல்லாம் எண்கள் இருக்கிற சின்ன ஜன்னல்தான். அதற்கு முன்னால் ஒரு பக்கம் இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, மூன்று நாளும் இலக்கத்திலேயே கண்ணாக இருந்துவிட்டேன். அவர் பாஸ்வேர்டை ஒரு கையால் மறைத்துக்கொண்டு இன்னொரு கையின் ஒற்றை விரலால் அடித்தார். இரண்டு தடவை தப்பாக அடித்தார்.

பக்கம் திறந்தது. இரண்டு வரிகள், இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொரு வட்டம். கீழே பட்டியலிட்டவற்றைத் தடு என்று ஒன்று. கீழே பட்டியலிட்டவற்றை மட்டும் அனுமதி என்று மற்றொன்று. கறுப்புப் புள்ளி முதல் வரியில் இருந்தது. அதை நான் தமிழில் சொன்னேன். அவர் திரையோடு மூக்கை ஒட்டிவைத்து ஆங்கிலத்தில் படித்தார், ஒருமுறை மனதுக்குள், ஒருமுறை வாய்விட்டு. முதல் வரி தலைப்பு என்று நினைத்தேன் என்றார். புள்ளி அதுவாகவே அங்கே இருந்தது என்றார். நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"லிஸ்ட்டுன்னா குடுக்கறதுக்குத்தானேம்மா போடுவாங்க" என்றார்.

புள்ளியை மாற்றுங்கள் மாமா, மணி ஐந்து இருபது என்றேன். அவர் மவுஸைப் பிடித்தார், புள்ளியை இரண்டாவது வரிக்கு நகர்த்தினார், சேமி என்ற பொத்தானுக்கு அம்பைக் கொண்டுபோனார், அங்கேயே நிறுத்தினார். இதை அமுக்கினால் அந்தப் பெண்ணுக்கு நின்றுவிடுமா என்று கேட்டார். நின்றுவிடும் என்றேன். பாரம் பாதியில் இருக்கிறது என்று அவள் அம்மா சொன்னாளே என்றார். நாளைக்கு வரை நேரம் இருக்கிறது, எனக்கு நாற்பது நிமிஷம்தான் இருக்கிறது என்றேன். சரி, இது வேண்டாம், பழையபடியே இருக்கட்டும், என் எண்ணை மட்டும் எடுங்கள், யாருக்கும் கெடுதல் இல்லை என்றேன். தப்பு என்று தெரிந்த பிறகும் தப்பான பட்டியலை வைத்திருப்பதா என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அது அலுவலக முகம். அதோடு பேசிப் பயனில்லை.

"ஒரு தடவ அந்த வூட்டுப் பேரு விட்டுப் போச்சு. இன்னொரு தடவ என் கையால வேணாம்" என்றார். "அந்தப் பொண்ணோட நம்பர வாங்கிட்டு வர்றேன். அஞ்சாவதா சேத்துட்டு அப்பறம் அமுக்கலாம். நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாத."

போகட்டும், பக்கத்து வீடுதானே, இரண்டு நிமிஷம் என்று நினைத்தேன். ஆனால் பனியனோடு எப்படிப் போவது? சட்டை போட்டார். பொத்தான் ஒவ்வொன்றாகப் போட்டார். தாள் எடுத்தார், அது ஒரு பக்கம் எழுதிய தாள், வேறு எடுத்தார். பேனாவைத் தாளில் கிறுக்கிப் பார்த்து, மை வரவில்லை என்று வேறு பேனா தேடினார். செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பி வந்து, கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனார். அவர் வெளிக்கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டபோது ஐந்து முப்பத்து மூன்று.

கூடத்து ஜன்னல் வழியாக அந்த வீட்டு வாசல் தெரியும். அஞ்சுகம் அக்கா அவசரமாக வெளியே வந்தார். மாமா எதையோ விளக்கினார், தாளைக் காட்டினார். உள்ளேயிருந்து பாரதிப்ரியாவின் குரல் கேட்டது, இதோ தாத்தா, இந்தப் பக்கத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று. அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். மாமா வேண்டாம் என்று கையசைத்தார். பிறகு உட்கார்ந்தார். உட்கார்ந்தேவிட்டார். அக்கா உள்ளே போய் டீயோடு வந்தார்.

ஐந்து நாற்பத்தொன்று. நான் மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். திரையில் புள்ளி இரண்டாவது வரியில், அம்பு பொத்தானின் மேல். இவ்வளவு யோசிக்க வேண்டியதே இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். புள்ளியைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு, பட்டியலைத் திறந்து, முதல் கட்டத்தில் இருக்கிற என் எண்ணை அழித்தால் போதும். அந்தப் பெண்ணுக்கும் நிற்காது, எனக்கும் வந்துவிடும், மாமா வந்தால் அவர் விருப்பப்படி மறுபடி எழுதிக்கொள்ளட்டும். பட்டியலைத் திறந்தேன். முதல் கட்டத்தில் என் பன்னிரண்டு இலக்கம், பி சரியாக இருந்தது. அழிக்கிற பொத்தானில் விரலை வைத்தேன். அரை மணி நேரத்துக்கு முன்னால் எடுங்கள் எடுங்கள் என்று கத்தியவள் நான்தான். இப்போது என் கையால் எடுக்க வரவில்லை. மயிலாடுதுறையில் எடுத்தாகிவிட்டது, இங்கே ஏறவில்லை, ஏறிய இடம் இது ஒன்றுதான், அதுவும் முதலாவதாக. கேவலமான காரணம் என்று அப்போதே தெரிந்தது. அந்த ஜன்னலை மூடினேன். சேமி என்பதை அமுக்கினேன்.

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். ரௌட்டர் அணைந்து எழ அரை நிமிஷம். ஐந்து கோடுகள் வந்தன, சுற்றியது, இணைந்தது. மூன்று நாளாகப் பார்க்காத அந்தச் சின்னச் செய்தியைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. ஃபைல்களை ஒவ்வொன்றாகத் தள்ள ஆரம்பித்தேன். ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததும் லேப்டாப் மெல்லியதாக ஒரு மணி அடிக்கும். ஒன்று, இரண்டு. மணி ஐந்து ஐம்பதுக்குள் ஆறு ஃபைல் போய்விட்டது. எட்டாவது போய்க்கொண்டிருக்கும்போது எதிரே ஓடி வருகிற கொலுசுச் சத்தம் கேட்டது.

என் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே அவர்கள் வீட்டு மொட்டை மாடி. பாரதிப்ரியா லேப்டாப்பைத் திறந்தபடியே இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு மேலே வந்திருந்தாள். ஆடிக் காற்று தாவணியை முகத்தில் அடித்தது. ஒதுக்கக் கையில்லாமல் தலையைச் சாய்த்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினாள். இப்படியும் அப்படியும் நகர்ந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"நெட் போயிடுச்சுக்கா. கடைசிப் பக்கத்துல நிக்குது" என்றாள். "ஒங்களுக்கு வருதா?"

கீழே அவர்கள் வாசலில் மாமா நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். ஒரு கையில் டீ டம்ளர், மறு கையில் தாள். அண்ணாந்து என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லை என்று தலையாட்டினேன். முதுகுக்குப் பின்னால் எட்டாவது ஃபைல் போய்ச் சேர்ந்த மணி அடித்தது.

மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தாளை மதில்மேல் விரித்து, பேனா மூடியைக் கழற்றினார். நம்பரைச் சொல்லும்மா என்று மேலே பார்த்துக் கேட்டார். அவளுக்கு அது காதில் விழவில்லை. ஒருவேளை உயரத்தில் வரும் என்று என்னிடம் சொல்லிவிட்டு, லேப்டாப்பை ஒரு கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, மறு கையால் இரும்பு ஏணியைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறத் தொடங்கினாள்.